சனிக்கிழமைப் பின்வாசல்

ஜனவரி 9, செவ்வாய்

வெளிநோயாளிகள் இன்று நூற்றுப் பதினெட்டு பேர். ரத்த அழுத்தக் கருவியின் கைப்பட்டை மறுபடியும் கிழிந்துவிட்டது. பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். நோயாளிகளுக்குப் போடுவதைக் கருவிக்கும் போடுவதுதான் இந்தச் சுகாதார நிலையத்தின் பராமரிப்பு முறை.

மதியம் திட்ட அலுவலர் வந்தாள். இருபத்தாறு வயது. மூச்சு விடாமல் பேசுவாள். வளரிளம் பருவப் பிள்ளைகளுக்கான ஆலோசனை அறை மூன்று வருடத் திட்டம். வரும் ஜூனில் முடிகிறது. அதற்கு ஒரு படிவம் கொடுத்தாள். "திட்டம் முடிந்தபின் இந்த அறை தொடர்ந்து நடப்பதற்கான ஏற்பாடு" என்று ஒரு கட்டம். நான் யோசித்துவிட்டு "நான்" என்று எழுதினேன்.

"ஒரு வார்த்தையில பதில் எழுதக் கூடாது மேம். நூறு வார்த்தையாவது வேணும்."

நாளைக்கு எழுதித் தருகிறேன் என்றேன்.

ஜனவரி 13, சனி

அறை திறந்திருந்த நேரம்: இரண்டு முதல் ஐந்து. வந்தவர்கள்: ஒருவர். அவரும் பல்வலிக்கு.

அறையில் குறை ஒன்றும் இல்லை. மின்விசிறி சுற்றுகிறது. படம் போட்ட துண்டுப் புத்தகம் அட்டைப் பெட்டி நிறைய இருக்கிறது. கதவுதான் வெளிநோயாளிகள் பெஞ்சைப் பார்த்துத் திறக்கிறது. சனிக்கிழமை மதியம் சர்க்கரை, ரத்தக் கொதிப்புக்காரர்கள் மருந்து வாங்கும் நேரம். ஊரில் உள்ள அத்தனை அத்தைகளும் சித்தப்பாக்களும் அந்த பெஞ்சில்தான். கதவுக்கு மேலே "உங்கள் ரகசியம் பாதுகாக்கப்படும்" என்று ஒரு அடி உயர எழுத்து. அதற்குக் கீழே வரிசையாக உட்கார்ந்துகொண்டு, யார் உள்ளே போகிறார்கள் என்று பார்க்கிறார்கள்.

ஜனவரி 31, புதன்

மாத அறிக்கை. பெண் பிள்ளைகள் நான்கு. ஆண் பிள்ளைகளுக்கு மாதக் கடைசி வெள்ளி, டாக்டரே பேசுகிறார். மூன்று பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் கேரம் போர்டு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாமவனிடம் டாக்டர் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். "நல்லாக் கவனிச்சான்" என்று பெருமையாகச் சொன்னார். பிறகுதான் தெரிந்தது, மழை விடுவதற்காக உள்ளே வந்தவனாம்.

இரவுச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவர். "கேரம் போர்டு வாங்கிப் போட்டுடேன்" என்றார். சிரிக்கவில்லை. இவர் எப்போதுமே சிரிக்க மாட்டார், அதுதான் தொல்லை.

பிப்ரவரி 10, சனி

நாலு மணி வாக்கில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் வந்து, என் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் கொசு ஒழிப்புச் சுவரொட்டியைப் படித்துக்கொண்டு நின்றாள். பத்து நிமிடம் படித்தாள். அதில் மொத்தம் ஆறு வரி.

நான் எழுந்தேன். அதற்குள் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"ஏண்டி, நீ எங்க இங்க?"

"சும்மாதான் சித்தி."

"சும்மா யாராச்சும் ஆஸ்பத்திரிக்கு வருவாங்களா?"

"தலைவலி."

நானும் எல்லார் முன்னாலும் இரண்டு காய்ச்சல் மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். "தேங்க்ஸ் சிஸ்டர்" என்று வாங்கிக்கொண்டு போனாள்.

நிஜமாகவே தலைவலியாக இருக்கலாம். பதிவேட்டில் பூஜ்யம் போட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

காலை ஏழே முக்கால். பள்ளி வேன் வாசல்படி வரைக்கும் ஏறி வந்து நின்றது. வேன்காரர் பின் சீட்டிலிருந்து தன் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். முன் சீட்டுகளில் இரண்டு சின்னப் பிள்ளைகள் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

ரத்தம். சீருடைப் பாவாடை முழுக்க. நாடி கிடைக்கவில்லை, பிறகு கிடைத்தது. இரண்டு கையிலும் சலைன் ஏற்றினேன். டாக்டர் ஓடினார் — இந்த ஒன்பது வருடத்தில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. ஆம்புலன்ஸ் வர இருபத்திரண்டு நிமிடம். வேனிலிருந்து கூடவே இறங்கி வந்த அம்மாக்காரி வாயைத் திறக்கவே இல்லை. ஆம்புலன்ஸில் ஏறும்போதுதான் என் கையைப் பிடித்துக்கொண்டு காதில் சொன்னாள். நாள் தள்ளிப் போயிருக்கிறது. யாரோ வாங்கிக் கொடுத்த மாத்திரையைப் பயத்தில் விழுங்கியிருக்கிறாள்.

பதினாறு வயது. போலீஸுக்குச் சொல்ல வேண்டும், சொன்னோம். அது தனி விஷயம், இங்கே எழுதப் போவதில்லை.

கொசுச் சுவரொட்டிப் பெண்தான்.

மார்ச் 6, புதன்

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போன். மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். பிழைத்துவிட்டாள்.

மார்ச் 11, திங்கள்

வேன்காரர் மனுவோடு வந்தார். நாற்பத்து மூன்று கையெழுத்து. மகளின் பாடப் புத்தகத்துக்குள் எங்கள் துண்டுப் புத்தகம் இருந்ததாம். அதை டாக்டர் மேஜை மேல் போட்டார்.

"இதப் படிச்சுத்தான் சார் என் பொண்ணு கெட்டுப் போனா. பச்சப் புள்ளைங்களுக்கு இதெல்லாமா சொல்லிக் குடுக்கறது? அந்த ரூம மூடுங்க."

புத்தகம் நான்காம் பக்கத்தில் மடங்கியிருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரே வாசகம்: "சந்தேகமோ பயமோ இருந்தால் தயங்காமல் வாருங்கள். சனி, மதியம் 2 முதல் 5 வரை." யாரும் அதைப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. பெற்ற பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த மனிதரிடம் பக்க எண்ணைச் சொல்லி வாதாட எனக்கு வாய் வரவில்லை.

ஒன்பதாவது கையெழுத்து தலைமையாசிரியை. மூன்று வருடத்துக்கு முன் அந்த அறைக்கு ரிப்பன் வெட்டியது அவர்தான்.

டாக்டர் பூட்டுப் போட்டார். "தற்காலிகமாத்தான் சிஸ்டர்" என்றார். நான் பணிக்குச் சேர்ந்தபோது தற்காலிகமாக மூடிய கழிப்பறை ஒன்று இருக்கிறது. இன்னும் திறக்கவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

தூக்கமில்லை. எழுதிவிட்டால் வருமா பார்க்கலாம்.

ஏன் அந்த மாத்திரையக் குடுத்தேன்? ஒரு வார்த்தை — "உள்ள வாம்மா, காய்ச்சல் இருக்கான்னு பாக்கறேன்" — அவ்ளோதானே? அந்தச் சித்தி கூட ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்களே. இருபது வருஷ சர்வீஸ். ஆறு வரிப் போஸ்டர பத்து நிமிஷம் படிக்கிறா. அது கூடவா புரியல எனக்கு? புரிஞ்சுது. புரிஞ்சுதான் எழுந்தேன். பெஞ்சுல இருந்தவங்க திரும்பிப் பாத்ததும் எனக்கே கூச்சமாப் போச்சு. அந்தப் பொண்ணுக்கு வந்த அதே கூச்சம். அதான் நிஜம்.

காலையில் இவர் காப்பியை வைத்துவிட்டு, "லீவு போடறியா?" என்றார். போடவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் இன்னும் மோசம்.

மார்ச் 28, வியாழன்

திட்டத்தை மூன்று மாதம் முன்னதாகவே முடித்துக்கொள்வதாகக் கடிதம் வந்துவிட்டது. திட்ட அலுவலர் வந்து பெயர்ப் பலகையைக் கழற்றச் சொல்லிவிட்டு, அது கழற்றப்படும்போது அழுதாள். இறுதி அறிக்கையில் "நிலைத்திருக்கும் வாய்ப்பு: நடுத்தரம்" என்று போட்டிருக்கிறாளாம்.

"நடுத்தரம்னா என்ன அர்த்தம்?"

"இல்லைன்னு எழுத மனசு வரல மேம்."

அறையில் இப்போது குளுக்கோஸ் பாட்டில் பெட்டிகள். கூரை வரைக்கும்.

ஏப்ரல் 16, செவ்வாய்

தையல் அக்கா ரத்த அழுத்தம் பார்க்க வந்தார். பள்ளிக்கூடத்துக்கு எதிரே கடை. ஊரில் பாதிச் சீருடை அவர் தைத்ததுதான். 160க்கு 100.

"உப்பக் குறைங்கக்கா."

"உப்பெல்லாம் காரணமில்ல சிஸ்டர். உங்க ரூம மூடினீங்கல்ல, அதான் காரணம்."

எனக்குப் புரியவில்லை. அளவெடுக்கத் திரைக்குப் பின்னால் போகும் பிள்ளைகள் அங்கேதான் வாயைத் திறக்கிறார்களாம். ஒருத்திக்கு இருபது நாள் ஓயாத ரத்தப்போக்கு. ஒருத்திக்கு மார்பில் கட்டி இருப்பதாகப் பயம். ஒருத்தி, ஒரு பையன் கையைப் பிடித்துவிட்டான், குழந்தை வந்துவிடுமா என்று கேட்டு இரண்டு வாரமாகச் சோறு இறங்காமல் இருந்திருக்கிறாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கென்ன தெரியும்? வெந்நி குடிங்கன்னேன். எல்லாத்துக்கும் வெந்நிதான். தைக்கத் தெரிஞ்சவகிட்ட வேற என்ன இருக்கும்?"

மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டே, "சனிக்கிழமை நீங்க சும்மாத்தானே இருக்கீங்க" என்றார்.

சும்மா இல்லை, சர்க்கரை வரிசை இருக்கிறது என்றேன். அது நாலரைக்கு முடிஞ்சிடுமே என்றார். ஊரில் எல்லாருக்கும் என் வேலை நேரம் தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 20, சனி

தையல் கடை. திரைக்குப் பின்னால் ஒரு முக்காலி, ஒரு ஆளுயரக் கண்ணாடி, நான். நாலு பேர் வந்தார்கள். பழைய அறையில் ஒரு மாதத்துக்கு வந்த எண்ணிக்கை.

கைபிடித்த பெண்ணும் வந்தாள். குழந்தை எப்படி வருகிறது என்று பதினைந்து நிமிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவ்ளோதானா சிஸ்டர்?" என்று அழுதாள். அப்புறம் பசிக்கிறது என்றாள். அக்கா பன் வாங்கிக் கொடுத்தார்.

மே 11, சனி

ஒன்பது பேர். ஒவ்வொருத்தியும் வெளியே தெரிவதற்காக ஒரு துணியோடு வருகிறாள். ஒரே பாவாடையின் விளிம்பை இந்த நாலு வாரத்தில் இரண்டு தடவை இறக்கி, இரண்டு தடவை ஏற்றியிருக்கிறோம். இனிமேல் அதில் தையல் நிற்காது என்கிறார் அக்கா.

ரத்தப்போக்குப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் ஆறு புள்ளி எட்டு. டாக்டரிடம் அனுப்பினேன். யார் அனுப்பியது என்று டாக்டர் கேட்டாராம். "டெய்லர்" என்றிருக்கிறாள். சீட்டில் அப்படியே எழுதியிருக்கிறார்.

மே 25, சனி

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு குரல். "ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு அங்குலம் பிடிக்கணும்க்கா. எளைச்சிட்டா."

எட்டிப் பார்த்தேன். வேன்காரர் மனைவி. துணி தேய்க்கும் கடையில் வேலை. கையில் பழைய சூட்டுத் தழும்புகள். மேஜையில் மகளின் சீருடை.

அவரும் என்னைப் பார்த்துவிட்டார். அக்கா சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டே இருந்தார், தேவைக்கு மேலேயே போட்டார்.

"நீங்க இப்ப இங்கயா சிஸ்டர்?"

"சனிக்கிழமை மட்டும்."

"முன்னாடியே இங்க இருந்திருக்கலாமே" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித் தோன்றியதைச் சொன்னார். அதுதான் குத்தியது.

தைத்து முடியும்வரை உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்து போன பெண்களைப் பார்த்தார். போகும்போது, "அடுத்த வாரமும் வரவா? வாசல்ல உக்காந்துக்கறேன். யாராச்சும் பெரியவங்க வந்தா பேச்சுக் குடுத்துட்டு இருக்கேன்" என்றார்.

ஜூன் 8, சனி

பள்ளியில் பெற்றோர் கூட்டம். யாரும் என்னை அழைக்கவில்லை. தையல் அக்கா என் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்.

ஒழுக்கம் பற்றி ஒருவர் இருபது நிமிடம் பேசினார். கெட்டதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று பட்டியல் போட்டார்: செல்போன், சினிமா, "மூடப்பட்ட அந்த ரூம்".

வேன்காரர் மனைவி எழுந்தார். ஒலிபெருக்கி தரப் போனார்கள், வேண்டாம் என்றார்.

"அந்த ரூமப் பத்தி யாருக்கும் என்னைவிட அதிகமா தெரியாது. என் பொண்ணு எங்கிட்ட சொல்லப் பயந்தா. அவங்கப்பாகிட்ட சொல்லப் பயந்தா. அந்த ரூம் வரைக்கும் போனா, வெளியில உக்காந்திருந்தவங்களப் பாத்துப் பயந்து திரும்பிட்டா. என் தங்கச்சியே அங்க இருந்திருக்கா, அவளே சொன்னா. ரூமுக்குள்ள போனதால என் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகல. போக முடியாததால ஆச்சு. உங்க பொண்ணுங்களுக்கு ஆக வேண்டாம்னு சொல்றேன். அவ்ளோதான்."

உட்கார்ந்தார். வேன்காரர் ஜன்னலோரம் நின்றிருந்தார். வெளியே வேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைமையாசிரியை ஒரு டம்ளர் தண்ணீர் முழுவதையும் குடித்தார். பிறகு அடுத்த பொருள், கழிவறைக் குழாய் என்றார்.

கூட்டம் முடிந்ததும் இரண்டு அம்மாக்கள் என் பக்கம் வந்து, மெதுவாக, சீருடை எங்கே தைப்பது நல்லது என்று கேட்டார்கள். இருவர் வீட்டுப் பெண்களும் சீருடை போட்டுக்கொண்டுதான் நின்றிருந்தார்கள்.

ஜூன் 20, வியாழன்

வெளிநோயாளிகள் எல்லாரும் போன பிறகு வேன்காரர் வந்தார். மனு எதுவும் கையில் இல்லை. சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே நின்றார்.

"அவ அன்னைக்கி வந்தாளாமே."

"வந்தா."

"எத்தன மணிக்கு?"

"நாலு இருக்கும்."

"அன்னைக்கி ஸ்பெஷல் கிளாஸ் இருந்துச்சு. நாலு மணிக்கு என் வண்டி இந்தப் பக்கமாத்தான் போச்சு. என் வண்டியில ஏறல. ஸ்கூல்லேர்ந்து மூணு கிலோமீட்டர். நடந்து வந்திருக்கா." சாவிக்கொத்தைக் கைக்குள் மூடிக்கொண்டார். "நான் பாத்துடுவேன்னு உள்ரோடு வழியா வந்திருப்பா. அது இன்னும் சுத்து."

நான் கொடுத்த மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். என் தப்பு என்று சொன்னேன்.

"ஒரு அப்பன் கிட்ட வராம ஒரு கொசுப் படத்துக்கிட்ட போய் நின்னிருக்கா" என்றார்.

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. போய்விட்டார்.

ஜூன் 24, திங்கள்

வேன்காரர் டாக்டரிடம் மனுவைத் திருப்பிக் கேட்டார். கொடுத்த மனுவைத் திருப்பித் தர விதியில்லை என்றார் டாக்டர். "வேணும்னா இன்னொரு மனு குடுங்க."

அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தார். "ரூமைத் திறக்கவும்." ஒரே ஒரு கையெழுத்து.

டாக்டர் நாற்பத்து மூன்றையும் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "தேதி பிந்தினதுதான் செல்லும்" என்றார். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 6, சனி

குளுக்கோஸ் பெட்டிகளை நகர்த்தினால், பின்னால் ஒரு கதவு. மூன்று வருடமாக அலமாரியை அதன் மேல் சாத்தி வைத்திருந்தோம். ஜெனரேட்டர் கொட்டகைப் பக்கம் திறக்கிறது, அங்கே ஆள் நடமாட்டமே கிடையாது. திட்டத்தின் சார்பில் வருடத்துக்கு ஒரு முறை வந்து அறையை அளந்துவிட்டுப் போன நிபுணர் யாரும் இதைக் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

தையல் அக்கா திரைத்துணி தைத்துக் கொண்டுவந்தார். மீந்த சீருடைத் துணி. வேன்காரர் மனைவி பின்பக்கப் புதரை வெட்டினார். பெயர்ப் பலகை வேண்டுமா என்றார் டாக்டர். மூன்று பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம்.

பெட்டிகளில் பாதி இன்னும் அறைக்குள்தான். உட்கார வசதியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 17, சனி

மூன்று மணிக்கு வேன் சத்தம். சனிக்கிழமை பள்ளி அரை நாள், அந்த நேரத்தில் அவருக்கு ஓட்டம் கிடையாது. கொட்டகைப் பக்கம் வந்து நிறுத்தினார். ஆறு பெண்கள் இறங்கினார்கள், மேட்டுப்பகுதிக் குடியிருப்பிலிருந்து. அங்கிருந்து இதுவரை ஒருத்தி கூட வந்ததில்லை.

வெளியே வந்து நன்றி சொல்லப் போனேன்.

"எஞ்சின் சூடாச்சு, நிழல்ல நிறுத்தினேன்" என்றார்.

செப்டம்பர் 7, சனி

எஞ்சின் ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்று மணிக்குச் சூடாகிறது.

செப்டம்பர் 21, சனி

வேன்காரர் மனைவியிடம் கேட்டேன், மகளும் ஒரு நாள் வந்து மற்றப் பிள்ளைகளிடம் பேசினால் நன்றாக இருக்குமே என்று. இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைப்பது போல என்னைப் பார்த்தார்.

"அவள விட்டுடுங்க சிஸ்டர். கத சொல்றதுக்கு நான் இருக்கேன். அவ பரிட்சை எழுதட்டும்."

அசடு வழிய நின்றேன். சரியான பதில்.

அக்டோபர் 15, செவ்வாய்

பழைய திட்ட அலுவலர் போன் செய்தாள். வேறு நிறுவனம், வேறு நாட்டுக்கான திட்டம். முடிந்த திட்டங்களைப் பின்தொடரும் படிவம் ஒன்று பாக்கியாம்.

"அறை இயங்குதா மேம்? ஆமா, இல்லைன்னு ரெண்டு கட்டம்தான்."

"ஆமா."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"எந்த நிறுவனத்தோட உதவியில?"

தையல் கடை, துணி தேய்க்கும் கடை, ஒரு வேன் என்றேன். அது கட்டத்தில் அடங்கவில்லையாம். "மற்றவை"யில் போட்டுக்கொண்டாள்.

நவம்பர் 7, வியாழன்

சுகாதார நிலையப் படியில் கால் பிசகி விழுந்தேன். கணுக்காலில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. படியில் ஈரம் என்று நான்தான் காலையில் எல்லாரையும் எச்சரித்தேன்.

நவம்பர் 9, சனி

காலையிலிருந்தே கட்டிலில் கிடந்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்கதவுச் சாவி என் கைப்பையில். இரண்டு மணிக்கு மேல் பொறுக்க முடியவில்லை. இவரைக் கிளப்பினேன். சாவியைக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் இருந்து நடப்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன்.

நாலு மணிக்கே திரும்பிவிட்டார். சாவியை அப்படியே மேஜையில் வைத்தார்.

"என்ன, யாருமே வரலையா?"

"அவங்ககிட்ட வேற சாவி இருக்கு. போகும்போதே தொறந்துதான் இருந்துச்சு."

"யாரு இருந்தா உள்ள?"

"டெய்லரம்மா குரல் கேட்டுச்சு. இன்னொரு சிஸ்டரம்மா குரலும். உங்க டாக்டர் அனுப்பியிருப்பார் போல."

"எத்தன பேர் வந்தாங்க?"

"பதினொண்ணு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் எண்ண விடல."

"யாரு விடல?"

இவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். முகத்தில் வழக்கம்போல ஒன்றும் இல்லை.

"வேன்காரர். கதவுக்கு முதுகக் காட்டிட்டு, ரோட்டப் பாத்து நின்னுட்டு இருந்தார். நான் சிஸ்டரோட வீட்டுக்காரர்னு சொல்லிப் பாத்தேன். 'யாரா இருந்தா என்ன சார், பொண்ணுங்க வந்து போற எடம். நீங்க நின்னா அதுங்க வராது. அந்தப் பக்கம் போங்க'ன்னுட்டார்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"அந்தப் பக்கம் போனேன்."